மூலவியாதி: வெட்கப்பட வேண்டாம், வராமல் தடுக்கலாம்

இடம்பெயர்ந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்தின் இழப்புகளைப் படிவத்தில் நிரப்பும் போது வீடு, காணி, கிணறு, மாடு, பயிர் என்று எழுதுகின்றோம். வளவின் மூலையில் இருந்த மலசலகூடத்தையும், வேலியோரத்து முருங்கையையும், நினைத்த நேரத்தில் அள்ளிக் குடித்த தண்ணீரையும் எந்தப் படிவமும் கேட்பதில்லை. இந்த மூன்றும் கைவிட்டுப் போவதால் உடம்பில் குடியேறும் ஒரு நோயைப் பற்றியே இம்முறை எழுதுகின்றோம். அது மூலவியாதி.

வத்தேகமவைச் சூழ்ந்த பகுதிகளுக்கு இடப்பெயர்வு புதிய விடயமன்று. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கத் திட்டம் நிறைவேறிய போது பழைய தெல்தெனிய நகரும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் நீருக்குள் போயின. யுத்த காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலைநாட்டு உறவினரை நாடி வந்த குடும்பங்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையால் கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்த போது, பல குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்க நேர்ந்தது. வந்த காரணம் வேறு வேறாயினும், பலர் சேர்ந்து தங்கும் இடத்தில் காலையில் எதிர்கொள்ளும் சிரமம் ஒன்றே: மலசலகூடத்துக்கு முன்னால் வரிசை, இரவில் இருட்டு, போய்வரத் தூரம்.

மூலவியாதி என்றால் என்ன?

மலவாயிலின் உட்புறத்தில் இரத்தக் குழாய்களால் ஆன, மெத்தை போன்ற மிருதுவான தசைப்பகுதிகள் பிறப்பிலேயே எல்லாருக்கும் உண்டு. மலமும் காற்றும் தாமாகக் கசிந்துவிடாமல் மூடி வைக்க அவை உதவுகின்றன. மலம் இறுகி, நாம் மூச்சை அடக்கி முக்கும் போது அவற்றில் இரத்தம் தேங்கி வீக்கம் உண்டாகின்றது. இது நாள்தோறும் நடந்தால் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்கள் தளர்ந்து, வீங்கிய பகுதி கீழே இறங்குகின்றது. இதுவே மூலம்.

உள்ளே இருக்கும் மூலத்தில் பெரும்பாலும் வலி இராது. மலம் கழிக்கும் போது சிவந்த இரத்தம் சொட்டுவதே அதன் முதல் அடையாளம். முற்றிய நிலையில் அது வெளியே தள்ளும். முதலில் தானாக உள்ளே போகும், பின்னர் விரலால் தள்ள வேண்டியிருக்கும், கடைசியில் தள்ளினாலும் போகாது. வெளிப்புறத்தில் தோன்றும் மூலத்தில் இரத்தம் உறைந்தால் கடும் வலி உண்டாகும்.

இது தொற்றுநோய் அல்ல. மூலமுள்ள ஒருவர் பாவித்த மலசலகூடத்தை மற்றவர் பாவிப்பதால் வராது. ஒழுக்கத்தோடும் இதற்குத் தொடர்பில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும், ஏழைக்கும் பணக்காரருக்கும் வருகின்ற சாதாரண நோய் இது. எமது பெரியவர்கள் இதனை உடற்சூடு என்பார்கள். மலம் இறுகியதையே அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு அவர்கள் சொன்ன மோரும் கீரையும் பழமும் இன்றைக்கும் நல்ல ஆலோசனைதான்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஏன் கூடுதலாக வருகின்றது?

தாய்மார் கூடும் இடங்களில், பேச்சு மெல்ல மெல்ல இந்த விடயத்துக்கு வரும் போது, நாம் கேட்பது ஒரே மாதிரியான கதைதான். பகலில் ஆண்கள் நடமாட்டம் இருப்பதால் பொழுது படட்டும் என்று அடக்குகின்றார்கள். பொழுது பட்ட பின் இருட்டுக்கும் பாம்புக்கும் பயந்து விடியட்டும் என்று அடக்குகின்றார்கள். விடிந்ததும் வரிசை; வேலைக்குப் போகும் நேரமும் அதுவே. அடிக்கடி போக வேண்டி வருமென்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்கின்றார்கள்.

இவ்வாறு அடக்கும் போது உடம்பில் நடப்பது என்ன? பெருங்குடலின் வேலைகளில் ஒன்று மலத்திலுள்ள நீரை உறிஞ்சுவது. மலம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகின்றதோ அவ்வளவுக்கு நீர் உறிஞ்சப்பட்டு அது கல்லாகின்றது. குடித்த தண்ணீரும் குறைவென்றால் இன்னும் இறுகும். நாட்கணக்கில் அடக்கிப் பழகினால் மலம் வந்துவிட்டது என்று சொல்லும் உணர்ச்சியே மங்கிவிடும். பின்னர் முக்க வேண்டியதுதான் வழி.

இதற்கு மேல் உணவும் மாறிவிடுகின்றது. நிவாரணமாகக் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு. இவை பசியை ஆற்றும். ஆனால் கீரை, கிழங்கு, பழம் இவற்றோடு வருவதில்லை. நேற்று வரை முருங்கை இலை பறித்துச் சமைத்த வீட்டில் இன்று காலையில் பாணும் இரவில் ரொட்டியும் என்றாகின்றது.

உணவுக்கும் மலத்துக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், உகண்டாவில் நீண்ட காலம் சத்திரசிகிச்சை வைத்தியராகப் பணியாற்றிய டெனிஸ் பேர்க்கிட். அவரும் அவரது சக ஆய்வாளர்களும் 1972இல் 'லான்செட்' என்னும் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முழுத் தானியமும் கிழங்கும் உண்ட ஆபிரிக்கக் கிராமத்தவரின் மலம் மிருதுவாகவும் அளவில் கூடியதாகவும் இருந்து விரைவில் வெளியேறியது. தீட்டிய மாவை உண்ட ஆங்கிலேயரின் மலம் குறைவாகவும் இறுகியும் இருந்து பல நாள் சென்றே வெளியேறியது என்று அதில் காட்டினார்கள். நார்ச்சத்துக் குறைவு மட்டுமே மூலத்துக்குக் காரணம் அல்ல என்று பின்வந்த ஆய்வாளர் திருத்தியது உண்மை. ஆயினும் 2005இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த போது, நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்ட மூல நோயாளரிடையே இரத்தப்போக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தமை தெரியவந்தது. விதைத்து அறுத்த குடும்பம் இடம்பெயர்ந்த பின் தீட்டிய மாவை நம்பி வாழ நேர்வதே இங்குள்ள வேதனை.

முதற் பழக்கம்: வந்தால் அடக்காதீர்கள்

சாப்பாடு வயிற்றுக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். காலை உணவுக்குப் பின் இந்த அசைவு நன்றாக இருக்கும். ஆகவே காலையில் ஏதாவது உண்டு, ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீர் குடித்து, கால் மணி அல்லது அரை மணி நேரத்துக்குள் போகப் பழகுங்கள். நாள்தோறும் அதே நேரம் போனால் உடம்பும் அந்த நேரத்தைக் கற்றுக்கொள்ளும். வரிசை நீண்டதாக இருக்கும் முகாமில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நேரம் ஒதுக்கிக்கொண்டால் இது முடியும்.

எல்லாரும் தினமும் போயே ஆக வேண்டும் என்பதில்லை. நாளுக்கு மூன்று தடவை போகின்றவரும் வாரத்துக்கு மூன்று தடவை போகின்றவரும் உண்டு. மலம் மிருதுவாக, முக்காமல் போனால் அது போதும்.

குந்தி இருப்பது நல்லது. குந்தும் போது குடலின் வளைவு நேராகி மலம் இலகுவாக இறங்கும். 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் குந்தி இருந்தவர்கள் சராசரியாக 51 வினாடிகளில் மலம் கழித்தார்கள். உயரமான இருக்கையில் இருந்தவர்களுக்கு 130 வினாடிகள் பிடித்தன. முழங்கால் வலியால் கொமட் பாவிக்கும் முதியவர்கள் காலின் கீழ் ஒரு சிறு பலகையை வைத்து முழங்காலை உயர்த்திக்கொள்ளலாம்.

ஐந்து நிமிடத்துக்குள் வராவிட்டால் எழுந்து வந்து, பிறகு போங்கள். கைத்தொலைபேசியைக் கொண்டு போக வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 2025இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 125 பேரிடம் செய்த ஆய்வொன்றில், மலசலகூடத்தில் தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. நீண்ட நேரம் இருப்பதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகின்றது.

பாடசாலைப் பிள்ளைகளையும் கவனியுங்கள். பாடசாலையில் தண்ணீர் இல்லை, கதவு பூட்டுவதில்லை என்று பல பிள்ளைகள் வீடு வரும் வரை அடக்குகின்றார்கள். காலையில் வீட்டிலேயே போய்வர அவர்களைப் பத்து நிமிடம் முந்தி எழுப்புங்கள்.

இரண்டாவது பழக்கம்: தண்ணீர்

வளர்ந்த ஒருவர் நாளுக்கு 8 முதல் 10 கோப்பை வரை நீர் அருந்த வேண்டும். வெயிலில் கொத்துகின்றவருக்கும் கொழுந்து பறிக்கின்றவருக்கும் இன்னும் தேவை. இடம்பெயர்ந்து தங்கும் இடங்களில் கொதிக்க வைத்து ஆறிய நீரையே குடியுங்கள். வேலைக்குப் போகும் போது ஒரு போத்தல் கொண்டு செல்லுங்கள். சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பழக்கம்: தட்டில் நார்ச்சத்து

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் மரக்கறியும் பழமும் தேவை. 400 கிராம் என்பது ஏறத்தாழ ஐந்து கைப்பிடி. இதற்குக் கடையில் விலை கூடிய பொருள் வாங்க வேண்டியதில்லை. 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்தே உண்டு. அதே அளவு குரக்கனில் ஏறத்தாழ 11 கிராம். முழுப் பாசிப்பயறில் 16 கிராமுக்கு மேல்.

நிவாரண மாவைத் தள்ளிவிட முடியாது. அதனோடு கலக்கலாம்:

• ரொட்டிக்குப் பாதி கோதுமை மா, பாதி குரக்கன் மா. தேங்காய்ப்பூவும் அரிந்த முருங்கை இலையும் சேருங்கள்.
• வெள்ளை அரிசிக்குப் பதில் தவிடு போகாத சிவப்பரிசி. முடியாவிட்டால் ஒரு நேரத்துக்காவது.
• பருப்பை மட்டும் நம்பாமல் வாரத்தில் மூன்று நாள் பயறு, கௌபி, கொள்ளு, கடலை அவித்து உண்ணுங்கள்.
• நாளுக்கு ஒரு கீரை வறை: வல்லாரை, பொன்னாங்காணி, கங்குங், முருங்கை.
• பலாக்காய், ஈரப்பலா, மரவள்ளி, வற்றாளை ஆகியவை இப்பகுதியில் மலிவாகக் கிடைக்கும்.
• பப்பாசி, கொய்யா, வாழை இவற்றில் ஒன்று தினமும்.

வயலோரச் சதுப்பில் வளரும் கொஹிலக் கிழங்கை அயலிலுள்ள சிங்களக் குடும்பங்கள் மூலத்துக்கு நல்லதென்று நெடுங்காலமாகச் சமைத்து வருகின்றார்கள். நார் மிகுந்த கிழங்கு அது. அரிந்து சமைக்கும் முறையை அவர்களிடம் கேட்டுப் பழகலாம். எமது ஊர்களில் கருணைக்கிழங்குக்கும் இதே பெயர் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

காணி இல்லாதவர்களும் உரப்பையில் மண் நிரப்பிப் பொன்னாங்காணியும் வல்லாரையும் வளர்க்கலாம். முகம் கழுவிய நீர் அதற்குப் போதும். முருங்கைத் தடி ஒன்றை நட்டால் சில மாதத்தில் இலை பறிக்கலாம். மண்ணை அறிந்த கைகளுக்கு இதை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

நான்காவது பழக்கம்: சுமையும் மூச்சும்

விறகு, தண்ணீர்க் குடம், மரக்கறி மூடை என்று மலைப்பாதையில் சுமப்பது இங்கு அன்றாட வேலை. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் கீழே மூலத்தின் மீது இறங்கும். முழங்காலை மடக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள். முடிந்தால் ஒரு பாரத்தை இரண்டாகப் பிரித்துச் சுமவுங்கள். வேலையின்றி நாள் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதும் மலத்தை இறுக்கும். முகாமிலுள்ள முதியவர்கள் காலையும் மாலையும் சற்று நடக்க வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிற்றின் பாரத்தாலும் உடம்பின் மாற்றத்தாலும் மலம் இறுகி மூலம் தோன்றுவதுண்டு. பிரசவத்தில் முக்குவதால் அது கூடலாம். பெரும்பாலும் பிள்ளை பிறந்த சில வாரங்களில் தணிந்துவிடும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கிக் கறுப்பாக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். தாய்க்கும் பிள்ளைக்கும் அது அவசியம். தேநீரோடு எடுக்காமல், தேசிக்காய் நீரோடு எடுங்கள். கீரையையும் பழத்தையும் கூட்டுங்கள். சிரமத்தைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

அகன்ற சுத்தமான பேசினில் இளஞ்சூட்டு நீர் நிரப்பி, 10 அல்லது 15 நிமிடம் அதில் அமர்ந்திருந்தால் வலியும் அரிப்பும் தணியும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். மலம் கழித்த பின் வெறும் நீரால் மெதுவாகக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றுங்கள். சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டாம். மிளகாய் மூலத்தை உண்டாக்குவதில்லை என்றாலும், வீக்கம் உள்ள போது எரிச்சலைக் கூட்டும். பேதி மருந்தை நாளாந்தம் எடுக்கப் பழக வேண்டாம்.

ஒரே நாளில் மூலத்தைக் கரைப்பதாக விளம்பரம் செய்து, தகுதி இல்லாமல் ஊசி போடுகின்றவர்களிடமும் காரம் வைத்துச் சுடுகின்றவர்களிடமும் போகாதீர்கள். மலவாயில் புண்ணாகிச் சுருங்கிப்போனால் அது மூலத்தை விடப் பெரிய துன்பம். பதிவு பெற்ற வைத்தியர் மட்டுமே இதற்குக் கைவைக்க வேண்டும். பலருக்கு உணவு மாற்றமே போதும். சிலருக்கு இறப்பர் வளையம் மாட்டிச் சுருங்க வைக்கும் எளிய சிகிச்சை செய்வார்கள். சத்திரசிகிச்சை தேவைப்படுகின்றவர்கள் சிலரே.

இரத்தத்தை மறைக்காதீர்கள்

இக்கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதனை நினைவில் வையுங்கள். மலத்தோடு வரும் இரத்தம் எல்லாம் மூலம் அல்ல. பெருங்குடல் புற்றுநோயிலும் இரத்தம் வரும். மூலம்தானே என்று ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டுக் காலம் கடந்து போகின்றவர்கள் உண்டு. மூலமேயானாலும், நாள்தோறும் சொட்டும் இரத்தம் ஒரு தாயைச் சோகை பிடித்தவளாக்கி, மலை ஏற மூச்சு வாங்கச் செய்யும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் போங்கள்:

• முதன்முறை இரத்தம் கண்டால், அல்லது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால்
• மலம் தார் போல் கறுத்தால், இரத்தம் கருமையாக மலத்தோடு கலந்து வந்தால்
• காரணமின்றி உடல் மெலிந்தால், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால்
• களைப்பு, தலைச்சுற்று, முகம் வெளிறுதல்
• வெளியே தள்ளியது உள்ளே போகாமல் கடும் வலி தந்தால், காய்ச்சலும் சேர்ந்தால்
• வயது ஐம்பதை நெருங்கியவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் கண்டவர்கள்

நிறைய இரத்தம் நிற்காமல் போனால் உடனே கொண்டு செல்ல வேண்டும்.

முதலில் வத்தேகம அரசாங்க வைத்தியசாலையில் காட்டலாம். தேவையென்றால் அங்கிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பணம் கட்ட வேண்டியதில்லை. மொழி தெரியாததால் தயங்கும் தமிழ்க் குடும்பங்களுக்காகச் சில சொற்களைத் தருகின்றோம். மூலவியாதியைச் சிங்களத்தில் 'அர்ஷஸ்' என்பார்கள். மலச்சிக்கல் 'மலபத்தய'. மலம் கழிக்கும் போது இரத்தம் போகின்றது என்பதற்கு 'வெசிக்கிலி யனகொட்ட லே யனவா' என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். பெண்கள் துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துச் செல்லலாம். பெண் வைத்தியர் இருக்கின்றாரா என்று கேட்பதில் தவறில்லை.

ஊராகச் செய்ய வேண்டியது

கீரையும் தண்ணீரும் ஒவ்வொரு வீட்டின் கையில் உண்டு. மலசலகூடம் அப்படியல்ல. இடருற்ற மக்களுக்கு உதவும் நிறுவனங்கள் உலகெங்கும் பின்பற்றும் 'ஸ்பியர்' கையேடு சில குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கின்றது. ஒருவருக்கு நாளுக்கு 15 லீற்றர் தண்ணீர். 20 பேருக்கு ஒரு மலசலகூடம். தங்குமிடத்திலிருந்து 50 மீற்றருக்கு மேற்படாத தூரம். உள்ளே தாழ்ப்பாள், போதிய வெளிச்சம். இவை சலுகை அல்ல. உதவி செய்ய வருகின்றவர்கள் தாமே ஏற்றுக்கொண்ட அளவுகள்.

ஆகவே முகாமிலோ குடியேற்றத்திலோ உள்ள குழு அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுக்கட்டும். எத்தனை பேருக்கு எத்தனை மலசலகூடம் என்று எண்ணுங்கள். தூரத்தை அடியெடுத்து அளவுங்கள். எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எங்கே வெளிச்சம் இல்லை என்று எழுதி, கிராம உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கையளியுங்கள். பெண்களிடம் கேட்டே எழுதுங்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லாததை ஒரு பெண்ணை அனுப்பிக் கேளுங்கள். பதில் வரும் வரை காத்திராமல் தாமே செய்யக்கூடியவையும் உண்டு: ஒரு கொண்டி, பாதையோரத்துப் புற்களை வெட்டுதல், இரவில் இருவராகச் சேர்ந்து போகும் ஒழுங்கு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு டோர்ச் லைட்.

ஒரு தாழ்ப்பாளின் விலை சிறிது. அது இருந்தால் ஒரு தாய் அடக்காமல் போவாள். பயமின்றித் தண்ணீர் குடிப்பாள். மலையில் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்க வேண்டிய அந்த உடம்பு நோயின்றி இருக்கும்.